குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு வக்கீலுக்கு என்ன வேலை?

1924 ஜூலை 21 அன்று சிகாகோ நீதிமன்றம் ஒன்றில் கிளாரன்ஸ் டாரோ என்ற 67 வயது வக்கீல் எழுந்து, தன் கட்சிக்காரர்கள் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள் என்று சொன்னார். ஒன்றல்ல, இரண்டு குற்றங்கள்: கொலை, பணம் கேட்டு ஆள்கடத்தல். இல்லினாய்ஸ் மாநிலச் சட்டப்படி இரண்டுக்குமே தூக்கு கொடுக்கலாம். அதுவரை கோர்ட் பதிவில் இருந்தது ‘நாங்கள் குற்றவாளிகள் இல்லை’ என்பதுதான். அரசுத் தரப்பு வக்கீல் ராபர்ட் குரோ இதை எதிர்பார்க்கவே இல்லை.

சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். கடைசிக் காட்சியில் உண்மையான கொலைகாரனைக் கூண்டில் நிறுத்துகிறவர்தான் நமக்குத் தெரிந்த வக்கீல். கட்சிக்காரனே “ஆமாம், நான்தான் கொன்றேன்” என்று சொல்லிவிட்டால் வக்கீல் அங்கே நின்று என்ன செய்வார்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுவது என்றால் என்ன என்பது பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

எந்த வழக்கிலும் அடிப்படையாக இரண்டு விஷயங்கள் உண்டு. கோர்ட் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறது? அந்தப் பதிலை யார் சொல்லப் போகிறார்கள்? சாட்சி, தடயம், குறுக்கு விசாரணை எல்லாம் அதற்கப்புறம்தான். அரசுத் தரப்பு எப்போதும் “இவர் இதைச் செய்தாரா?” என்ற கேள்வியோடு வரும். அதில் ஜெயிக்க வழி இருந்தால் அங்கேயே நின்று மல்லுக்கட்டலாம். வழி இல்லையென்றால் வேறொரு கேள்வியைக் கொண்டுவந்து நடுவில் வைக்க வேண்டும். டாரோ அதில் மன்னன்.

ஜூரி என்கிற பன்னிரண்டு பேர்

அமெரிக்க முறையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது, ஏனென்றால் நம் கோர்ட்டுகளில் இப்போது ஜூரி கிடையாது. அங்கே பெரிய குற்ற வழக்கு என்றால் 12 சாதாரணக் குடிமக்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்து முழு விசாரணையையும் கேட்பார்கள். விவசாயி, மளிகைக் கடைக்காரர், தச்சர், யாராகவும் இருக்கலாம். என்ன நடந்தது என்று தீர்மானிப்பது அவர்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வதும், விசாரணையை ஒழுங்காக நடத்துவதும் நீதிபதியின் வேலை.

இந்த வழக்குகள் நடந்த இடங்களில் 12 பேரும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும். ஒருவர் கடைசிவரை மறுத்துக்கொண்டிருந்தால் தீர்ப்பே இல்லை. அரசு விரும்பினால் புது ஜூரியோடு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு முழுவதும் அரசுடையது. நியாயமான சந்தேகம் மிஞ்சினால் விடுதலைதான். குற்றம் சாட்டப்பட்டவர் வாயைத் திறக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை.

அந்த 12 பேரைப் பொறுக்குவதே ஒரு தனிக் கலை. இரண்டு தரப்பும் கேள்வி கேட்டுத் தங்களுக்கு ஆகாதவர்களை விலக்கலாம். டாரோ 1936-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் தன் கணக்கை வெளிப்படையாகவே எழுதினார்: ஐரிஷ்காரர் வந்தால் விடாதே, பிரெஸ்பிடேரியன் சபைக்காரர் வந்தால் அனுப்பிவிடு, பணக்காரர்களை நம்பாதே, சிரிக்கத் தெரிந்தவரை வைத்துக்கொள். இன்று படித்தால் முகம் சுளிக்கத் தோன்றும். இனத்தைப் பார்த்து ஜூரரை விலக்குவது கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986-இல் சொல்லிவிட்டது. ஆனால் டாரோ காலத்து வக்கீல்கள் எல்லாருமே இப்படித்தான் கணக்குப் போட்டார்கள். அதை அச்சில் போடும் துணிச்சல் இவருக்கு இருந்தது, அவ்வளவுதான்.

ஆள் யார் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது 1857-இல், ஒஹையோ மாநிலத்துச் சின்ன ஊரில். அப்பா மரச்சாமான் செய்பவர், சவப்பெட்டியும் செய்து அடக்கக் காரியங்களையும் பார்த்துக்கொண்டவர், கடவுள் விஷயத்தில் ஊரோடு ஒத்துப்போகாதவர். டாரோ சட்டக் கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு வருடம். 1887-இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து, பிற்பாடு ஒரு ரயில்வே கம்பெனிக்கே வக்கீலானார். 1894-இல் புல்மன் ரயில் வேலைநிறுத்தம் வெடித்தபோது அந்த வேலையை விட்டுவிட்டுத் தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸுக்காக வாதாடப் போனார். டெப்ஸ் ஆறு மாதம் சிறைக்குப் போனார். அதே ஆண்டு, சிகாகோ மேயரைச் சுட்டுக் கொன்ற பிரெண்டர்காஸ்ட் என்பவரைத் தண்டனை அறிவிக்கப்பட்ட பிறகு காப்பாற்றப் பார்த்தார். அவரும் தூக்கில் தொங்கினார். ஆக, புகழின் தொடக்கம் இரண்டு தோல்விகள்.

பன்னிரண்டு பேரா, ஒருவரா?

சரி, சிகாகோவுக்குத் திரும்புவோம். நேதன் லியோபோல்டுக்கு வயது 19, ரிச்சர்ட் லோப்புக்கு 18. இருவருமே கோடீஸ்வரக் குடும்பத்துப் பிள்ளைகள், படிப்பில் சூரர்கள். பிடிபடாமல் ஒரு கச்சிதமான குற்றம் செய்து காட்ட வேண்டும் என்று மாதக்கணக்கில் திட்டம் போட்டு, 1924 மே 21 அன்று பாபி ஃபிராங்க்ஸ் என்ற 14 வயதுப் பையனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொன்றார்கள். பிறகு அவன் அப்பாவிடம் 10,000 டாலர் கேட்டுக் கடிதம் போனது. கடிதம் சேர்ந்த சமயத்தில் நகருக்கு வெளியே ஒரு கால்வாய்க் குழாயில் உடல் கிடைத்தது. பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி. கண்ணாடியின் பவர் யாருக்கும் இருக்கக்கூடியதுதான், ஆனால் அதன் கீல் அபூர்வமானது. சிகாகோவில் அந்தக் கீல் வைத்த கண்ணாடி வாங்கியவர்கள் மூன்றே பேர், அதில் ஒருவர் லியோபோல்டு. கச்சிதமான குற்றம் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. இருவரும் போலீசிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டார்கள்.

“இவர்கள் செய்தார்களா?” என்ற கேள்வி அங்கேயே செத்துப்போயிற்று. அடுத்து எந்த வக்கீலுக்கும் தோன்றுவது பைத்தியம் என்று சொல்லித் தப்பிக்கும் வழி. குரோவும் அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தார். ஆனால் பைத்தியம் என்று வாதாடினால் அதைத் தீர்மானிக்க ஜூரி வந்துவிடும். ஊர் முழுக்கப் பேப்பர் படித்துக் கொதித்துப்போயிருந்த நேரம். எந்த 12 பேரைப் பொறுக்கினாலும் கதை ஒன்றுதான்.

இங்கேதான் டாரோவின் கணக்கு. இல்லினாய்ஸ் சட்டப்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஜூரி தேவையில்லை. தண்டனையை நீதிபதி ஒருவரே முடிவு செய்வார். கொலைக்கு அவர் 14 ஆண்டிலிருந்து ஆயுள்வரை எதுவும் கொடுக்கலாம், தூக்கும் கொடுக்கலாம். அதற்கு முன் தண்டனையைக் கூட்டும் காரணங்கள், குறைக்கும் காரணங்கள் இரண்டையும் பற்றிச் சாட்சியம் கேட்க வேண்டும். அப்படியென்றால் மனநல மருத்துவர்களைக் கூண்டேற்றி இந்தப் பையன்களின் மனம் எப்படிக் கோணலாக வளர்ந்தது என்று சொல்ல வைக்கலாம், பைத்தியம் என்று சொல்லாமலேயே. குரோ இதைக் கடுமையாக எதிர்த்தார்: “இது பின்வாசல் வழியாக வரும் பைத்திய வாதம், ஜூரியைக் கூப்பிடுங்கள்” என்பது அவர் வாதத்தின் சாரம். நீதிபதி ஜான் கேவர்லி மருத்துவர்களின் சாட்சியத்தைக் கேட்கத் தீர்மானித்தார்.

ஏன் இரண்டு குற்றங்களையும் ஒரேயடியாக ஒப்புக்கொண்டார்கள் என்பதும் இதிலேயே இருக்கிறது. கொலையை மட்டும் ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை வாங்கியிருந்தால், ஆள்கடத்தல் வழக்கைத் தனியாக எடுத்து ஜூரி முன்னால் கொண்டுபோய்த் தூக்குக் கேட்டிருப்பார் குரோ. அந்தக் கதவையும் சேர்த்து மூடினார் டாரோ. இப்படி ஒரு நுணுக்கத்தைப் பார்த்தபின் அவரை வெறும் பேச்சாளர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேச்சும் சாதாரணமானதில்லைதான். ஆகஸ்ட் கடைசியில் இரண்டு நாளுக்கு மேல் நீண்டது அவர் இறுதிவாதம். அதன் மையத்தில் நீதிபதியை நேராகப் பார்த்துச் சொன்ன ஒரு விஷயம் உண்டு. ஜூரி தூக்குக் கொடுத்தால் பொறுப்பு 12 பேர் தலையில் பகிர்ந்துகொள்ளப்படும்; ‘மற்றவர்கள் சொன்னார்கள், நானும் ஒத்துக்கொண்டேன்’ என்று ஒவ்வொருவரும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இங்கே அது முடியாது. இந்தப் பிள்ளைகள் தூக்கில் தொங்கினால் தொங்கவிட்டவர் நீங்கள் ஒருவர்தான். கிட்டத்தட்ட இப்படி. ஜூரியைத் தவிர்த்ததன் முழு அர்த்தமும் இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. ‘யார் முடிவு செய்வது’ என்பதை மாற்றியதோடு நிற்காமல், முடிவு செய்கிறவருக்கு அதன் கனத்தையும் உணர்த்திவிட்டார்.

கூடவே கணக்கும் வந்தது. முந்தைய பத்து ஆண்டுகளில் சிகாகோவில் கொலையை ஒப்புக்கொண்ட முந்நூறுக்கும் மேற்பட்டவர்களில் தூக்குக்குப் போனது ஒரே ஒருவர் என்றார் டாரோ. அந்த ஒருவரை அனுப்பிய நீதிபதி யார் தெரியுமா? எதிரே நின்ற குரோவேதான், முன்பு அவர் நீதிபதியாக இருந்தபோது. ஆனால் அந்த ஆளுக்கு வயது 40 என்று சேர்த்துக்கொண்டார்.

செப்டம்பர் 10 அன்று தீர்ப்பு. கொலைக்கு ஆயுள், கடத்தலுக்கு 99 ஆண்டு. கேவர்லி மருத்துவர்களின் சாட்சியத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தன்னை அசைத்த முக்கியக் காரணம் வயதுதான் என்றார். இல்லினாய்ஸ் வரலாற்றில் வயதுவராத இருவருக்குத்தான் சட்டப்படி மரண தண்டனை நிறைவேறியிருக்கிறது, அந்த எண்ணிக்கையைக் கூட்ட நான் விரும்பவில்லை என்று தீர்ப்பில் எழுதினார். லோப் 1936-இல் சிறையில் இன்னொரு கைதியால் கொல்லப்பட்டார். லியோபோல்டு 1958-இல் பரோலில் வெளிவந்து, போர்ட்டோ ரிக்கோவில் 1971 வரை வாழ்ந்தார்.

டாரோவுக்கு மரண தண்டனையே பிடிக்காது. மனிதன் செய்யும் எதையும் அவன் பிறப்பும் வளர்ப்பும் சூழலும்தான் செய்யவைக்கின்றன என்று நம்பினார். சிகாகோ வருவதற்கு முன்பே ஆல்ட்கெல்ட் என்பவர் குற்றமும் தண்டனையும் பற்றி எழுதிய புத்தகம் அவரைப் பாதித்திருந்தது. அந்த ஆல்ட்கெல்ட் பின்னால் இல்லினாய்ஸ் கவர்னர் ஆனார். இந்தத் தத்துவம் முழுவதையும் நான் ஏற்றுக்கொள்வேனா என்றால், இல்லை. யாருமே எதற்கும் பொறுப்பில்லை என்றால் பாபி ஃபிராங்க்ஸின் பெற்றோர் யாரிடம் போய்க் கேட்பது? ஆனால் ஒரு வக்கீல் தன் கட்சிக்காரரை வெறுக்காமல் இருக்க அந்த நம்பிக்கை உதவியது என்பது தெளிவு.

அப்ரூவர் சொன்னால் போதுமா?

குற்றத்தை மறுத்து, அந்த முதல் கேள்வியிலேயே நின்று ஜெயித்த வழக்கும் உண்டு. 1905 டிசம்பர் 30 அன்று இடாஹோ மாநிலத்தின் முன்னாள் கவர்னர் ஃபிராங்க் ஸ்டூனென்பெர்க் தன் வீட்டு வாசல் கேட்டைத் திறந்தபோது குண்டு வெடித்துச் செத்தார். பதவியில் இருந்தபோது சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தை ராணுவத்தை வைத்து அடக்கியவர் அவர். ஹாரி ஆர்ச்சர்ட் என்ற ஆள் பிடிபட்டான். பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தின் ஜேம்ஸ் மெக்பார்லண்ட் அவனிடம் பேசிப் பேசி வாக்குமூலம் வாங்கினார். குண்டு வைத்தது நான்தான், ஆனால் என்னை ஏவியது சுரங்கத் தொழிற்சங்கத் தலைவர்கள் என்றான் ஆர்ச்சர்ட். சங்கத்தின் முக்கியத் தலைவர் பில் ஹேவுட்டையும் இன்னும் இருவரையும் டென்வரில் பிடித்து, தனி ரயிலில் ஏற்றி ராவோடு ராவாக இடாஹோவுக்குக் கொண்டுவந்தார்கள்.

1907-இல் பாய்சி நகரில் ஹேவுட் மீது விசாரணை. இடாஹோ சட்டத்தில் முக்கியமான ஒரு விதி இருந்தது: குற்றத்தில் பங்கெடுத்தவனின் வாக்குமூலத்தை மட்டும் வைத்து இன்னொருவரைத் தண்டிக்க முடியாது, அதை உறுதிப்படுத்தும் தனி ஆதாரம் வேண்டும். விதிக்கான காரணம் எளிது. தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவனை மாட்டிவிடுவது எந்த ஊரிலும் நடக்கிற விஷயம். அரசு அந்த இரண்டாவது ஆதாரமாக நம்பியிருந்தது ஸ்டீவ் ஆடம்ஸ் என்பவரின் வாக்குமூலத்தை. டாரோ ஆடம்ஸின் மாமாவைத் தேடிப் பிடித்து அவர் மூலமாகப் பேச, ஆடம்ஸ் தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். விசாரணை ஆரம்பிக்கும் முன்பே வழக்கின் ஒரு கால் உடைந்துவிட்டது. டாரோ சுமார் 11 மணி நேரம் பேசினார். ஜூரி ஹேவுட்டை விடுதலை செய்தது. பேச்சைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஜெயித்தது அந்த மாமாவைப் பார்க்கப் போன பயணம்.

எல்லாக் கதையும் இப்படிப் பெருமையாக முடியவில்லை. 1910 அக்டோபர் 1 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகைக் கட்டடத்தில் குண்டு வெடித்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். தொழிற்சங்கத்தைச் சேர்ந்த மக்நமாரா சகோதரர்கள் கைதானபோது நாடெங்கும் தொழிலாளர்கள் காசு திரட்டி டாரோவை அமர்த்தினார்கள். ஆதாரங்களைப் பார்த்த டாரோவுக்கு இவர்கள்தான் செய்தார்கள் என்று புரிந்துபோனது. உயிரைக் காப்பாற்ற ஒரே வழி ஒப்புக்கொள்வது. 1911 டிசம்பர் 1 அன்று இருவரும் ஒப்புக்கொள்ள, அதுவரை ‘இவர்கள் அப்பாவிகள்’ என்று கோஷம் போட்டவர்கள் டாரோவைத் துரோகி என்றார்கள். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் டாரோவிடம் வேலை பார்த்த பெர்ட் ஃபிராங்க்ளின் ஜூரராக வரவிருந்த ஒருவருக்கு நடுத்தெருவில் லஞ்சம் கொடுத்து மாட்டியிருந்தார். டாரோவும் அந்தச் சமயத்தில் அதே தெருவில்தான் இருந்தார். அவர் மேலேயே வழக்கு வந்தது. 1912-இல் முதல் வழக்கில் விடுதலை. 1913-இல் இரண்டாவதில் ஜூரி ஒத்துப்போகவில்லை. கலிபோர்னியாவில் இனி வக்கீல் தொழில் செய்ய மாட்டேன் என்று ஒத்துக்கொண்டு வெளியேறினார். லஞ்சத்தில் அவருக்குப் பங்கு இருந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

தோற்கவே போன வழக்கு

டென்னசி மாநிலம் 1925 மார்ச்சில் ஒரு சட்டம் போட்டது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில், மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து தோன்றினான் என்று கற்பிக்கக் கூடாது. மீறினால் 100 முதல் 500 டாலர் அபராதம். அமெரிக்க சிவில் உரிமை சங்கம் இந்தச் சட்டத்தைக் கோர்ட்டில் சோதிக்க ஒரு ஆசிரியர் வேண்டும் என்று விளம்பரம் செய்தது. டேட்டன் என்ற குட்டி ஊரின் பெரிய மனிதர்கள் மருந்துக் கடை ஒன்றில் உட்கார்ந்து, இந்த வழக்கு நம் ஊரில் நடந்தால் வியாபாரம் பெருகுமே என்று யோசித்து, ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியரைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் கால்பந்துப் பயிற்சியாளர். உயிரியல் ஆசிரியர் இல்லாதபோது அந்த வகுப்பைப் பார்த்துக்கொண்டவர். பரிணாமத்தை நடத்தினோமா என்று அவருக்கே சரியாக ஞாபகம் இல்லை. இப்படித்தான் ஆரம்பித்தது நூற்றாண்டின் வழக்கு!

அரசுத் தரப்பில் மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் வந்தார். அது தெரிந்ததும் டாரோ காசு வாங்காமல் தானே முன்வந்தார். ஜூலை வெயில், கோட்டைக் கழற்றிப்போட்டு வாதாடினார்கள். சிகாகோ ரேடியோ நிலையம் ஒன்று விசாரணையை நேரடியாக ஒலிபரப்பியது.

இந்த வழக்கில் டாரோ தரப்பு ஜெயிக்க வரவில்லை. ஸ்கோப்ஸ் விடுதலையானால் சட்டம் அப்படியே இருக்கும். தண்டனை கிடைத்தால்தான் மேல்முறையீடு போகலாம், சட்டமே அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொல்ல வைக்கலாம். அதற்காக விஞ்ஞானிகளைக் கூட்டி வந்திருந்தார்கள். நீதிபதி ரால்ஸ்டன் அவர்களை ஜூரி முன் பேச விடவில்லை. கேள்வி ‘ஸ்கோப்ஸ் நடத்தினாரா’ என்பது மட்டும்தான் என்றார்.

மாட்டிக்கொண்ட டாரோ தரப்பு ஜூலை 20 அன்று எதிர்த்தரப்பு வக்கீலையே சாட்சிக்குக் கூப்பிட்டது, பைபிள் நிபுணர் என்ற முறையில். பிரையனும் வந்து உட்கார்ந்தார். கட்டடத்தின் தளம் கூட்டத்தைத் தாங்காது என்ற பயத்தில் கோர்ட் வெளியே புல்வெளிக்கு மாறியிருந்தது. யோனாவை விழுங்கிய மீன், யோசுவா நிறுத்திய சூரியன், காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள் என்று சுமார் இரண்டு மணி நேரம் கேள்விகள். படைப்பின் ஆறு நாள்கள் 24 மணி நேர நாள்களாக இருக்க வேண்டியதில்லை என்று பிரையன் வாயாலேயே வந்தது. அமெரிக்காவில் மிகப் பிரபலமான குறுக்கு விசாரணை என்று இதைச் சொல்வார்கள். அதை ஜூரி கேட்கவே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அவர்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். மறுநாள் நீதிபதி அந்தச் சாட்சியம் முழுவதையும் பதிவிலிருந்து நீக்கிவிட்டார்.

கடைசி நாள் டாரோ, குற்றவாளி என்றே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று ஜூரியிடம் கேட்டுக்கொண்டார். இதில் இன்னொரு லாபமும் இருந்தது. இறுதிவாதங்கள் இல்லாமல் போனதால், பிரையன் தயாரித்து வைத்திருந்த நீண்ட பேச்சுக்கு இடமில்லை. ஜூரி ஒன்பது நிமிடத்தில் திரும்பியது. அபராதம் 100 டாலர். ஐந்து நாளில் பிரையன் டேட்டனிலேயே தூக்கத்தில் இறந்துபோனார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. டென்னசி அரசியலமைப்புப்படி 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை ஜூரிதான் நிர்ணயிக்க வேண்டும். டேட்டனில் நீதிபதியே போட்டுவிட்டார். 1927-இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டு, இந்தச் சின்ன ஓட்டையைக் காட்டித் தண்டனையை மட்டும் ரத்து செய்தது; வழக்கை இத்தோடு விட்டுவிடுங்கள் என்றும் சொன்னது. தண்டனை இல்லையென்றால் மேலே போக வழியில்லை. தோற்று மேலே போகலாம் என்ற திட்டம், பாதி ஜெயித்ததால் கெட்டது. அந்தச் சட்டம் 1967 வரை புத்தகத்தில் இருந்தது.

ஜன்னல் வழியே பார்த்தால்

என் கணக்கில் டாரோவின் ஆகச் சிறந்த வேலை டெட்ராய்டில் நடந்தது. ஓசியன் ஸ்வீட் கறுப்பின மருத்துவர். 1925-இல் கார்லண்ட் அவென்யூவில், வெள்ளையர்கள் மட்டும் குடியிருந்த பகுதியில், 18,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். அந்தக் கோடையில்தான் டர்னர் என்ற இன்னொரு கறுப்பின மருத்துவரை அதே ஊரில் வீடு புகுந்து விரட்டியிருந்தார்கள். இது தெரிந்தே ஸ்வீட் செப்டம்பர் 8 அன்று குடிவந்தார், துப்பாக்கிகளோடும் நண்பர்கள், தம்பிகளோடும். மறுநாள் இரவு வீட்டின் முன் கூட்டம் சேர்ந்தது, கற்கள் பறந்தன, ஜன்னல் உடைந்தது. உள்ளேயிருந்து சுட்டார்கள். எதிர்ப்பக்கம் நின்றிருந்த லியான் பிரைனர் என்ற வெள்ளையர் இறந்தார். வீட்டிலிருந்த 11 பேர் மீதும் கொலைக் குற்றச்சாட்டு, ஸ்வீட்டின் மனைவி கிளாடிஸ் உட்பட. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. டாரோவைக் கூப்பிட்டது.

அரசுத் தரப்பின் கதை எளிமையானது: அங்கே கூட்டமே இல்லை, அமைதியான தெரு, காரணமில்லாமல் சுட்டார்கள். அக்கம்பக்கத்தார் அறுபது எழுபது பேர் வரிசையாக வந்து இதையே சொன்னார்கள். கூட்டமே இல்லை என்று சொல்ல வந்தவர்களையே எண்ணிப் பாருங்கள், கூட்டம் ஆகிவிடும் என்றார் டாரோ. ஒரு சாட்சி பேச ஆரம்பித்த விதம் பதிவில் இருக்கிறது: பெரிய கும்பல் இருந்தது, இல்லையில்லை, பெரிய கும்பல் என்று சொல்ல மாட்டேன், நிறைய பேர், அதாவது, சில பேர் இருந்தார்கள். டாரோ மெதுவாக, இதைப் பற்றி யாரிடமாவது பேசினாயா என்று கேட்டார். ஒரு போலீஸ் அதிகாரி பெயர் வந்தது. பதில் சொல்ல ஆரம்பித்தபோது ‘சில பேர்’ என்று சொல்ல மறந்துவிட்டாய், இல்லையா? ஆமாம் என்றான் சாட்சி. குறுக்கு விசாரணை என்றால் கத்துவது என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

ஆனால் கூட்டம் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. தற்காப்புச் சட்டம் கேட்பது இதுதான்: சுட்டவர், தன் உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக நம்பினாரா? நம்பினாரா என்றால், யார் கண்ணால் பார்த்து? தெருவில் நிற்கும் வெள்ளையர் கண்ணாலா, ஜன்னலுக்குள் நிற்கும் கறுப்பர் கண்ணாலா? டாரோவும் உடன் வாதாடிய ஆர்தர் கார்ஃபீல்ட் ஹேஸும் ஓசியன் ஸ்வீட்டைக் கூண்டில் ஏற்றி அவர் வாழ்க்கையைச் சொல்ல வைத்தார்கள். ஃபுளோரிடாவில் சின்ன வயதில் கண்ட வன்முறை, வாஷிங்டனில் படித்தபோது 1919-இல் நேரில் பார்த்த இனக்கலவரம், வீடிழந்த டாக்டர் டர்னர். இதற்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம் என்று அரசுத் தரப்பு வக்கீல் ராபர்ட் டாம்ஸ் எதிர்த்தார். அந்த நிமிடத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்பதுதான் வழக்கே என்றது டாரோ தரப்பு. நீதிபதி ஃபிராங்க் மர்ஃபி அனுமதித்தார். (இவர் பின்னால் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாகி, 1944-இல் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களுக்கு விரட்டியதை எதிர்த்து எழுதியவர்.)

ஜூரியில் 12 பேரும் வெள்ளையர்கள். முதல் விசாரணையில் ஒத்துப்போக முடியாமல் கலைந்தார்கள். அடுத்து, துப்பாக்கியால் சுட்டதை ஒப்புக்கொண்டிருந்த தம்பி ஹென்றியை மட்டும் தனியாக விசாரித்தது அரசு. இறுதிவாதத்தில் டாரோ நிறத்தை மாற்றிப் பார்க்கச் சொன்னார்: உள்ளே இருந்த 11 பேர் வெள்ளையர்களாகவும், வெளியே கல்லெறிந்தவர்கள் கறுப்பர்களாகவும் இருந்திருந்தால் இப்படி ஒரு வழக்கு வந்திருக்குமா? பதக்கமல்லவா கொடுத்திருப்பீர்கள்? 1926 மே 13 அன்று நான்கு மணி நேரத்துக்குள் ஜூரி ஹென்றியை விடுவித்தது. மற்றவர்கள் மீதான வழக்கை அடுத்த ஆண்டு அரசே கைவிட்டது.

அதே வித்தை, வேறு பக்கம்

1929 பங்குச்சந்தைச் சரிவில் டாரோவின் சேமிப்பு கரைந்துபோனது. 1932-இல், 75 வயதை நெருங்கும்போது, ஹவாயிலிருந்து வந்த ஒரு வழக்கை நல்ல சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டார். கடற்படை அதிகாரி தாமஸ் மாஸியின் மனைவி, தன்னை உள்ளூர் இளைஞர்கள் ஐவர் பலாத்காரம் செய்ததாகச் சொல்லியிருந்தார். அந்த வழக்கில் ஜூரி ஒத்துப்போகவில்லை. பிறகு மாஸியும் அவர் மாமியார் கிரேஸ் ஃபோர்டெஸ்க்யூவும் இரண்டு மாலுமிகளும் சேர்ந்து அந்த ஐவரில் ஒருவரான ஜோசப் கஹஹவாயைக் கடத்திச் சுட்டுக் கொன்றார்கள். உடலைக் காரில் வைத்துக் கொண்டுபோகும்போது போலீசிடம் பிடிபட்டார்கள். டாரோ வாதாடியது கஹஹவாய் குடும்பத்துக்காக இல்லை, இந்த நால்வருக்காக.

உத்தி பழையதுதான். அந்த நிமிடத்தில் மாஸியின் மனம் எப்படி இருந்தது என்று பாருங்கள், மனைவிக்கு நடந்ததை நினைத்து நிலைதடுமாறியவர் என்றார். டெட்ராய்டில் கும்பலுக்கு எதிராக நின்ற அதே வாதம் இங்கே கும்பலின் பக்கம் நின்றது. ஸ்வீட் வழக்கில் அவரைக் கொண்டாடிய பலருக்கு இது கசந்தது, எனக்கும் கசக்கிறது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீல் என்பவர் இந்த நால்வருக்கும் தேவைப்படுகிறவர்தான். அந்த வேலையின் கணக்கில் நல்லவர், கெட்டவர் என்று தனிப் பத்தி கிடையாது.

பல இனத்தவரும் கலந்திருந்த ஜூரி மசியவில்லை. ஏப்ரல் 29 அன்று கொலைக்குச் சற்றுக் குறைந்த குற்றத்துக்கு நால்வரையும் குற்றவாளிகள் என்றது. தண்டனை பத்து ஆண்டு. வாஷிங்டனிலிருந்தும் கடற்படையிடமிருந்தும் நெருக்கடி வர, கவர்னர் லாரன்ஸ் ஜட் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். அந்த ஒரு மணி நேரத்தையும் நால்வரும் கழித்தது கவர்னரின் அலுவலகத்தில். அப்புறம் கவர்னர் பிங்கர்ட்டன் நிறுவனத்தை வைத்து முதல் வழக்கை விசாரிக்கச் சொன்னார். அந்த இளைஞர்கள் பலாத்காரம் செய்ததற்கு ஆதாரமில்லை என்று அறிக்கை வந்தது. 1933-இல், அந்த ஐந்து இளைஞர்களில் மிச்சமிருந்த நால்வர் மீதான வழக்கு கைவிடப்பட்டது.